வெள்ளிக்கிழமை என்று கோத்தேன்

2-5-1993, ஞாயிறு

இந்த டைரியில் நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தாலும் எழுதுவேன்.

இது சிமெண்டுக் கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வெறும் பக்கங்கள். அந்த நாட்களுக்கு நான் பொறுப்பில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது. வீட்டில் அப்பா, அம்மா, நான். மரகதம் அக்கா திருச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டாளாம். பெட்டி இங்கேயே இருக்கிறது. சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வேலைக்கு அதுதானே வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. ஓயாமல் தண்ணீர் வடிகிறது.

நூலகத்துக்கு இனிமேல் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நானும் அக்காவும் சேர்ந்துதான் போவோம். தனியாகப் போக வேண்டாம் என்று நினைக்கிறார் போலும். அழுதேன். அதற்குப் பதிலாக, அவருடைய சிநேகிதர் சண்முகவேல் மாமாவின் அச்சகத்தில் லீவு முடியும்வரை வேலை கற்றுக்கொள்ளச் சொன்னார்.

"எழுத்துதான வேணும் உனக்கு? அங்க மூட்டை மூட்டையா கெடக்கு. சண்முகம் கண்ணு முன்னால இருப்ப."

அழுகையை நிறுத்திவிட்டேன். புத்தகம் பிறக்கிற இடத்துக்கே போகப் போகிறேன்!

3-5-1993, திங்கள்

புத்தகம் எதுவும் பிறக்கவில்லை. முறுக்குக் கடை பில், சந்தை ரசீது, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ். இவைதான் அச்சாகின்றன.

ஆனாலும் அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. சாய்வான மரத்தட்டுகளில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. தட்டுக்குக் கேஸ் என்று பெயர். எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கை அகல இரும்புப் பிடியில் அடுக்குகிறார்கள். மெஷினைக் காலால் மிதித்து ஓட்டுபவர் காதர் பாய். மிதிக்கும்போது தரையே லேசாக அதிர்கிறது.

எழுத்து கோப்பவர் ரெஜினா அக்கா. எங்கள் அக்காவோடு டைப் கிளாஸில் படித்தவர். எங்கே மூன்று பேர் இருந்தாலும் அங்கே அவர் குரல்தான் கேட்கும்.

"என்னடி படிப்பாளி, தமிழ்ல எத்தனை வரும்?"

"தொண்ணூறுக்கு மேல வரும்க்கா."

"இங்க எல்லாமே கண்ணாடியில பாக்குற மாதிரி. உன் தொண்ணூறு இங்க ஒம்பதுதான்."

காதர் பாய் சிரித்தார். "அவ வந்த புதுசுல முதலாளி பேரையே தலைகீழாக் கோத்தவ. நீ பயப்படாதம்மா."

"பாய், மெதிக்கிற வேலையப் பாருங்க."

என் பெயரைக் கோத்துப் பார்த்தேன். தவமணி. அச்சு எடுத்தால் 'வ' தலைகீழாகக் கிடந்தது. அந்தத் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

6-5-1993, வியாழன்

இன்று முழுவதும் மின்சாரம் இல்லை. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கேஸில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்தேன். 'க' பெரிய அறையில், கைக்கு அருகில். 'ங' மூலையில், தூசியோடு.

11-5-1993, செவ்வாய்

இப்போது நேராக இருக்கும் எழுத்தைப் போலவே இடவலம் மாறிய எழுத்தையும் வாசிக்கிறேன். "வெரசாப் புடிச்சுக்கிட்டியே" என்றார் ரெஜினா அக்கா. பாராட்டியதற்கு வருந்தியவர் போல உடனே மூன்று குறை சொன்னார்.

இன்று கற்றுக்கொண்டதை முழுதாக எழுதி வைக்கிறேன். கோத்து முடித்த பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் கட்டை கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்குகிறார்கள். அதற்குப் பாரம் என்று பெயர். உள்ளே நூற்றுக்கணக்கான எழுத்துகள். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டுதான் நிற்கின்றன.

"தூக்குறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்தை மட்டும் ஒசத்தி, விரலால அமுக்கிப் பாரு. ஒரே ஒரு எழுத்து ஆடுனாலும் தூக்கிராத. ஒண்ணு விழுந்தா மொத்தமும் கொட்டிரும். பொறுக்கி மறுபடியும் கேஸ்ல போடுறதுக்குள்ள தாவு தீந்துரும்."

சண்முகவேல் மாமா பாரத்தை இறுக்கினால் ரெஜினா அக்கா ஒருமுறை கண்டிப்பாக அமுக்கிப் பார்க்கிறார். மாமாவுக்கு அவசரம் அதிகம்.

14-5-1993, வெள்ளி

நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் அறவாழி அண்ணன் நீண்ட விடுப்பில் போய்விட்டாராம். காதர் பாய் சொன்னார். எனக்குச் சொல்லாமல் புதுப் புத்தகங்களை யாருக்கும் கொடுக்க மாட்டார், நல்ல மனிதர். ரெஜினா அக்கா "பாய், வாயை மூடிக்கிட்டு மெதிங்க" என்று சுள்ளென்று விழுந்தார். ஏன் என்று தெரியவில்லை.

17-5-1993, திங்கள்

வீட்டில் சுவரில் இருந்த எங்கள் நால்வர் படத்தைக் காணோம். ஆணியும் சதுரமான வெளுத்த தடமும் இருக்கின்றன. வெள்ளையடிக்க எடுத்திருப்பார்கள்.

18-5-1993, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுத் திரும்பும்போது அச்சக வாசலில் அப்பாவின் சைக்கிள். செவ்வாயன்று அப்பா சந்தையை விட்டு நகரவே மாட்டார். மாட்டுத் தரகருக்கு அதுதான் நாள். உள்ளே அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் தோள் துண்டு இருவர் கைகளுக்கும் மேலே கிடந்தது. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா எதற்காக மாடு வாங்குகிறார்?

மாமா என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். "தவமணி, போயி மைதா வாங்கிட்டு வா தாயி. பசை காய்ச்சணும்."

மைதா ஒரு டப்பா நிறைய இருந்தது. போனேன்.

திரும்பியபோது அப்பா இல்லை. ரெஜினா அக்கா மாமாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"நான் கோக்க மாட்டேன். என் கையால அந்தப் பேரைக் கோக்க மாட்டேன். வேலையை விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க."

என்னைக் கண்டதும் இருவரும் நிறுத்தினார்கள். ரெஜினா அக்காவின் கண் சிவந்திருந்தது. மண்ணெண்ணெய் ஆவி பட்டால் அப்படி ஆகும்.

பிறகு என்னருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "உங்க அக்காகிட்டேருந்து வீட்டுக்கு எதுவும் சேதி வந்துச்சா?"

"இல்லக்கா. வேலை அதிகமா இருக்கும்."

என்னையே பார்த்தார். பிறகு என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

19-5-1993, புதன்

இன்று எனக்குப் பெருமையான நாளாக இருந்திருக்க வேண்டும்.

மாமா ஒரு தாளின் கீழ்ப்பாதியை மட்டும் கிழித்து என்னிடம் கொடுத்தார். "இதை நீயே கோத்துரு. மேல் பாதியை நான் பாத்துக்குறேன்." ஒரு நோட்டீஸை நானே கோப்பது இதுதான் முதல் தடவை. ரெஜினா அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தார்.

அது இரங்கல் நோட்டீஸ். 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளில் எப்போதும் தயாராக இருக்கும். சுற்றிலும் கறுப்புக் கோடு. கீழே இரண்டு வரிக் கவிதை, பிறகு 'துயருறும் குடும்பத்தார்'. கவிதை நன்றாக இல்லை. ஆனாலும் ஒரு பிழையும் இல்லாமல் கோத்தேன்.

கவிதைக்கு மேலே ஒரு வரி: 'மறைவு: 21-5-1993, வெள்ளிக்கிழமை'.

கோத்து முடித்த பிறகுதான் உறைத்தது. இன்று புதன்கிழமை.

தவறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மாமாவிடம் ஓடினேன். "மாமா, தேதி தப்பா எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை இனிமேதான் வரும்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதியிருக்குறதைக் கோத்துரு."

"செத்தவங்க எப்படி மாமா நாளன்னைக்கு..."

"கோத்துருன்னா கோத்துரு!"

மாமா என்னிடம் இதுவரை குரலை உயர்த்தியதில்லை. ரெஜினா அக்கா திரும்பினார்.

"என்ன தேதி?"

சொன்னேன். அவர் கையிலிருந்த இரும்புப் பிடி சாய்ந்து, கோத்திருந்த மாப்பிள்ளையின் பெயர் முழுவதும் தரையில் சிந்தியது. அதைப் பொறுக்கக்கூட இல்லை. மாமாவிடம் போய் நின்றார்.

"பேரை மட்டும்தான எங்கிட்ட காட்டுனீங்க. இந்தத் தேதியை ஏன் சொல்லல?"

"அது அமாவாசை. அன்னைக்குத்தான் செய்யப் போறாங்களாம். சடங்கும்மா. நீ கண்டதையும் நெனைக்காத."

ரெஜினா அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பல்லு வலிக்குது. திருச்சியில டாக்டரைப் பாக்கணும்." மாமா பதில் சொல்வதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பேருந்து நிலையத்தை நோக்கி ஓடினார். பல்வலியோடு அவ்வளவு வேகமாக ஓடுபவரை நான் பார்த்ததில்லை.

யார் இறக்கப்போகிறார்கள் என்று நான் மாமாவிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

20-5-1993, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ரெஜினா அக்கா வரவில்லை. மாமாவே பாரத்தை இறுக்கி மேசைமேல் வைத்துத் துணியால் மூடியிருந்தார். மாலையில் அவர் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். காதர் பாய் மெஷினுக்கு மை தடவிக்கொண்டே, "அந்தப் பாரத்தைக் கொண்டாம்மா" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

துணியை எடுத்தேன்.

முதலில் தெரிந்தது படத்துக்கான பிளாக். துத்தநாகத் தகட்டில் ஒரு முகம். இரட்டைச் சடை, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்த தலை. எங்கள் நால்வர் படத்தை எடுத்தவர் "தலையை நேரா வைம்மா" என்று மூன்று முறை சொல்லியும் சாய்ந்தே இருந்த தலை.

அதன் கீழே பெயர். நான் எழுத்துக்கூட்டவில்லை. இப்போது எனக்கு அது தேவையில்லை. ஒரே பார்வையில் வாசித்துவிட்டேன்.

மரகதம்.

அதற்குக் கீழே அப்பாவின் பெயர். அதற்குக் கீழே நான் கோத்த வரி. வெள்ளிக்கிழமை. ஒரு பிழையும் இல்லை.

 காதுக்குள் ஓர் இரைச்சல். மெஷின் ஓடுகிறது என்று நினைத்தேன், ஓடவில்லை. காதர் பாய் மறுபடியும் கூப்பிட்டார்.

கற்றுக்கொடுத்தபடியே செய்தேன். ஒரு ஓரத்தை மட்டும் உயர்த்தி விரலால் அமுக்கிப் பார்த்தேன். கீழ் மூலையில் ஓர் எழுத்து ஆடியது.

பிறகு தூக்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. மழை தொடங்குகிற மாதிரி முதலில் இரண்டு மூன்று, பிறகு மொத்தமும். மாமா ஓடி வந்தார்.

"கை வழுக்கிருச்சு மாமா" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் கிடந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா செத்துட்டாளா மாமா?"

"இல்ல தாயி. இல்ல. நல்லா இருக்கா. அந்த லைப்ரரி அறவாழியோட போயிட்டா. கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவங்க வேற ஆளுங்க. ஒங்கப்பனால தாங்க முடியல. மக செத்துட்டான்னு நோட்டீஸ் போட்டு, தலை முழுகப் போறேன்னான். நம்ம பக்கம் நாலஞ்சு வீட்டுல நடந்ததுதான். ரெண்டு வருசத்துல பேரப்புள்ளையைத் தூக்கிட்டு வந்தா எல்லாம் சரியாப் போயிரும்."

"அமாவாசைக்கா?"

"அமாவாசைக்குத்தான்னு சொன்னான்."

வீட்டுக்கு வந்தபோது பெரியப்பாவின் ஜீப் நின்றிருந்தது. அப்பா, பெரியப்பா, அவருடைய ஆட்கள் இருவர். குலசாமி கோயிலுக்குப் போகிறார்களாம். மாமா சொல்லியிருப்பார் போல, "நோட்டீஸ் நாளைக்குத்தானாம்" என்று அப்பா பெரியப்பாவிடம் முணுமுணுத்தார். பின் இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றிய நீளமான சாமான்கள். கோயிலுக்கு எது வேண்டுமோ அது.

தேங்காய் பழத் தட்டை அவர்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

21-5-1993, வெள்ளி

அம்மா வாசல்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பு மூட்டவில்லை. விளக்கேற்றப் போனேன், "ஏத்தாத" என்றாள்.

அச்சகத்துக்குப் போகவில்லை. இன்றைய தேதியை மேலே எழுதும்போது என் கை எழுத மறுத்தது.

22-5-1993, சனி

ரெஜினா அக்காவின் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் ஜீப் வந்தது. அப்பா இறங்கினார். சவரம் செய்யாத முகம். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். பிறகு வேட்டியின் கரையை. அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மா எழுந்து போய் உலை வைத்தாள். களையும்போது பாதி அரிசி தரையில் கொட்டியது. என்னை அருகில் இழுத்துக் காதோடு சொன்னாள்: "ரெஜினாகிட்ட கேளு. வேற ஒண்ணும் கேக்க வேணாம். இருக்காளான்னு மட்டும் கேளு."

அம்மா எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். அவள் கண்ணில் நோய் எதுவும் இல்லை. அதை நான் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

அச்சகத்தில் ரெஜினா அக்கா இருந்தார். கொட்டிய எழுத்துகளை ஒரு தட்டில் குவித்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கேஸில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்:

"உங்கம்மாகிட்ட சொல்லு. பல்லு வலி சரியாப் போச்சுன்னு. டாக்டர் ரெண்டு பேரையும் நல்ல எடத்துல ஒக்கார வச்சிருக்காங்க. காக்கிச் சேலை கட்டுன டாக்டர்."

காதர் பாய்க்குப் புரியவில்லை. "சேலை கட்டுன பல் டாக்டரா? அதுவும் காக்கியிலயா?"

"ஆமா பாய். உங்க பல்லையும் காட்டணுமா?"

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, அது அழுகையாக மாறியபோதும் எனக்குத் தெரியவில்லை. ரெஜினா அக்கா என் கையில் எழுத்துகளைத் திணித்தார். "பிரிச்சுப் போடு. அழுதுக்கிட்டே போடலாம்."

உட்கார்ந்து பிரித்தோம். 'ம' அதன் அறைக்கு. 'ர' அதன் அறைக்கு. 'வெ' எங்கே, 'ள்' எங்கே என்று கை தானாகப் போனது. அக்காவின் முகம் இருந்த தகட்டை ரெஜினா அக்கா மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மதியம் வீட்டுக்கு ஓடி, இருக்கிறாள் என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பொழுது சாயும் நேரம். மாமா விளக்குகளைப் போட்டிருந்தார். அப்பா உள்ளே வந்தார்.

என்னைப் பார்த்தார். நான் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மாமாவின் எதிரே உட்கார்ந்து தோளிலிருந்த துண்டை எடுத்தார். மாமா கையை நீட்டவில்லை. அதனால் அப்பா வாயால் பேச வேண்டியதாயிற்று.

"நோட்டீஸ் இன்னும் அடிக்கலையே சண்முகம்?"

"அடிக்கல. பாரம் கொட்டிருச்சு."

"நல்லதாப் போச்சு. தேதியை மாத்திரு. வர்ற புதன்கிழமைன்னு போட்டுரு."

மெஷின் நின்றது. காதர் பாயின் கால் மிதிபலகையின் மேல் அப்படியே இருந்தது.

மாமா அப்பாவைப் பார்த்தார். "அமாவாசைன்னு சொன்னியே."

"அதான் போயிருச்சே."

"போனா என்ன? தலை முழுகுறவன் எந்த அமாவாசைக்குக் காத்திருக்கான்? கெணத்துல தண்ணி இருக்கு. இப்பவே போயி முழுகு." மாமாவின் குரல் உடைந்தது. "செத்துட்டான்னு நெனச்சுக்குறவனுக்கு எதுக்குடா தேதியை மாத்தணும்?"

 அப்பா துண்டை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார். துண்டுக்கடியில் அவருடைய விரல்கள் எதையோ எண்ணுவது போல அசைந்தன.

அந்தக் கைதான் எனக்கு 'அ' எழுதச் சொல்லிக் கொடுத்தது. இதை எதற்காக இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

"நீ இல்லன்னா வேற பிரஸ்" என்றார் அப்பா.

"போ. எவன்கிட்ட வேணாலும் போ. போயி, என் மக புதன்கிழமை சாகப்போறா, இன்னைக்கே அடிச்சுக் குடுன்னு வாயால கேளு. எங்கிட்ட துண்டைப் போட்டுக் கேட்ட. நானும் முட்டாப்பய, கையைக் குடுத்தேன்."

மாமா எழுந்தார். "ரெஜினா, இந்தப் புள்ளையை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பாய், நீங்க எங்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. நான் சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணும்."

காதர் பாய் கையைத் துடைத்தார். ரெஜினா அக்கா என் தோளைப் பிடித்தார். என் கையில் கடைசியாக ஓர் எழுத்து மிச்சமிருந்தது. அதை அதன் அறையில் போட்டேன்.

அப்பா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவர் எழுந்திருப்பார் என்று மாமா காத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. மாமா சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அப்பா உள்ளே இருக்கும்போதே எல்லா விளக்குகளும் அணைந்தன.